கப்பல் ஏறும் முன்: ஊசி, சோதனை, சீட்டு

கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிய மறுநாளே எல்லோரும் கேட்பது, "என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்?" என்பதுதான். கேட்பவர் யார் என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். கப்பல் நிறுவனம் ஒன்றைக் கேட்கும். கப்பல் போய் நிற்கிற நாடு வேறொன்றைக் கேட்கும். எல்லாம் முடிந்து ஊர் திரும்பி விமான நிலையத்தில் இறங்கும்போது நம் நாடே ஒன்றைக் கேட்கும். பலரும் முதல் இரண்டை விசாரித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போதைய நிலவரம் இதுதான். சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ நான்கைந்து நாள் போய்வருகிற வழக்கமான பயணங்களுக்குப் பெரும்பாலும் எந்தத் தொற்றுச் சோதனையும் கேட்பதில்லை. கொரோனா காலத்துப் பழக்கத்தில் சிலர் இன்னும் லேபுக்கு ஓடுகிறார்கள். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். அவர்களில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. அதன் பிறகுதான் சோதனைச் சீட்டு இல்லாமல் கப்பல் ஏற முடியாது என்ற நிலை வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல்களுக்கான தன் கொரோனா திட்டத்தை 2022 ஜூலை 18 அன்று முடித்துக்கொண்டது. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகத் தளர்த்தின. ஆனாலும் ஒரு தொற்று பரவினால் விதி ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிடும். ஆகவே, பயணச்சீட்டோடு அனுப்பப்படும் உடல்நல விதிமுறையை இரண்டு முறை படியுங்கள். புறப்பட ஆறு வாரம் இருக்கும்போது ஒருமுறை, ஒரு வாரம் இருக்கும்போது இன்னொரு முறை. முதல் முறை படித்தது இரண்டாம் முறை மாறியிருக்கலாம்.

பெயரில்தான் சிக்கல்

சோதனை எடுப்பது சுலபம். மூக்கில் குச்சி விடுவதற்கோ கையில் ஊசி குத்துவதற்கோ ஐந்து நிமிடம் போதும். சீட்டில் என்ன அச்சாகிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

2022 மார்ச் மாதம் ஃப்ளோரிடாவில் இதை நான் கண்ணால் பார்த்துக் கற்றேன். மகன் வீட்டுக்கு வந்திருந்த என் அத்தைக்கு அப்போது 68 வயது. குடும்பமாகக் கப்பல் பயணம் ஏற்பாடாகியிருந்தது. ஏறுவதற்கு முந்தைய 2 நாட்களுக்குள் எடுத்த கொரோனா சோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். மருந்துக்கடையில் நேரம் பதிவு செய்து, சோதனை எடுத்து, நெகட்டிவ் என்று தாளும் வாங்கியாயிற்று. துறைமுகக் கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் அத்தை பெயருக்குப் பின்னால் இருந்தது அவருடைய அப்பாவின் பெயர். சோதனைத் தாளில் இருந்தது மாமாவின் பெயர். அமெரிக்காவில் தன் குடும்பப் பெயராக அப்பா பெயரை எழுதிப் பழகிய மகன், அம்மாவுக்கும் அதையே எழுதிவிட்டான்.

எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். வரிசை எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அத்தை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, "நான் வரலைடா, நீங்க போயிட்டு வாங்க" என்று மெல்லச் சொன்னார். நாற்பது நிமிடம் கழித்து மேலாளர் வந்தார். நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா பெயர்களுக்குக் கீழே கணவர் பெயரும் அச்சாகியிருக்கும். அதை எடுத்துக் காட்டினேன். அவர் அந்த வரியின்மேல் விரல் வைத்து, சோதனைத் தாளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயர் இல்லாமலிருந்தால் அத்தை வீட்டுக்குத்தான் திரும்பியிருப்பார்.

தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் மற்றவர்களைவிட அதிகம். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டமே காலியாக இருக்கும். லேபில் ரத்தம் எடுக்க வருகிறவர் "பேரு சொல்லுங்க" என்று கேட்டால் நாம் வாய்ப்பழக்கமாக இனிஷியலோடு சொல்லிவிடுவோம். அவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்வார். வாயால் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட்டின் பெயர்ப் பக்கத்து நகலைக் கையில் கொடுத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். கப்பல் டிக்கெட்டில் பெயர் எப்படிப் பிரித்துப் போடப்பட்டிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, மாதிரி எடுத்த தேதியும் நேரமும் சீட்டில் அச்சாக வேண்டும். லேப் வாசற்படி இறங்குவதற்குள் இவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். திருத்தம் வேண்டுமென்றால் அப்போதே பத்து நிமிடத்தில் முடியும். மறுநாள் போனால் யாரைப் பார்ப்பது என்பதே கேள்வியாகிவிடும்.

நேரக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "48 மணி நேரத்துக்குள்" என்பதும் "2 நாட்களுக்குள்" என்பதும் ஒன்றல்ல. மணிக்கணக்கு என்றால் மாதிரி எடுத்த நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கும். முடிவு வந்த நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாள் கணக்கு என்றால் தேதியைத்தான் பார்ப்பார்கள், காலையா மாலையா என்று பார்ப்பதில்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் சோதனை எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கப்பல் ஏறுகிறவர்கள் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சோதனை சில நேரம் தவறாகவும் காட்டும். 2020 டிசம்பரில் குவான்டம் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தபோது 83 வயதுப் பயணி ஒருவருக்குக் கொரோனா பாசிட்டிவ் என்று வந்தது. கப்பலையே திருப்பினார்கள். பயணிகள் அறைக்குள் அடைந்து கிடந்தார்கள். கரையில் மறுபடி சோதித்தபோது அவருக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது. எனவே கட்டாயச் சோதனை எதுவானாலும், அனுமதித்த காலத்துக்குள் முடிந்தவரை முன்னதாக எடுத்துவிடுங்கள். தவறென்று தோன்றினால் இன்னொரு முறை எடுக்க நேரம் இருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. "நான்தான் மஞ்சள் காமாலைக்கு மூணு ஊசி போட்டாச்சே" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் போட்டது ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் என்பது ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசு வழியாகப் பரவுகிற வைரஸ் நோய். அதைப் பரப்புகிற ஏடிஸ் கொசு, அதாவது நமக்கு டெங்கு கொடுக்கிற அதே கொசு, இந்தியாவில் நிறைய இருக்கிறது. நோய் மட்டும் இங்கே இல்லை. ஒரு பயணி உடம்பில் அந்த வைரஸ் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்ற அச்சத்தில்தான் நம் சுகாதாரத் துறை இதில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, அலாஸ்கா, மத்தியதரைக் கடல் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. யாருக்குத் தேவைப்படும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மகளைப் பார்க்க அமெரிக்கா போன பெற்றோர் அங்கிருந்து பனாமா கால்வாய் பார்க்கும் கப்பலில் போகிறார்கள். கப்பல் கொலம்பியாவின் கார்ட்டஹேனாவிலும் பனாமாவின் கோலோனிலும் நிற்கிறது. இறங்கி ஊர் சுற்றுகிறார்கள். திரும்பி வந்த மூன்றாம் நாள் சென்னைக்கு விமானம். அமெரிக்காவிலிருந்துதானே வருகிறோம் என்று அவர்கள் நினைப்பார்கள். ஆனால் கொலம்பியா, பனாமா இரண்டுமே இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். பிரேசில், அர்ஜென்டினா, பெரு, டிரினிடாட், கென்யா ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பி 6 நாட்களுக்குள் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், அந்த 6 நாள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. மருமகன் கப்பல் டிக்கெட் போடும்போது இது அவர் நினைவுக்கு வராது. கப்பல் நிற்கும் துறைமுகங்களின் பட்டியலை நீங்களே வாங்கிப் பாருங்கள்.

ஒரே ஊசிதான். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். முன்பெல்லாம் 10 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் அந்த விதி மாறிவிட்டது. பழைய அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். எனவே 2009-இல் வேலை விஷயமாக நைஜீரியா போனபோது போட்ட ஊசியின் அட்டை பீரோவில் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். இனி போட வேண்டியதில்லை.

எல்லா மருத்துவமனையிலும் இதைப் போட முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டு, அங்கே தருகிற மஞ்சள் அட்டையில் முத்திரை வாங்கினால்தான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். தென் மாவட்டத்துக்காரர்களுக்குத் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கிறது. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாளில், முன்பதிவு செய்தவர்களைச் சேர்த்துத்தான் போடுவார்கள். நினைத்த நாளில் போய் நின்றால் நடக்காது. பாஸ்போர்ட் அசலையே எடுத்துப் போங்கள். 10 நாள் கணக்கையும் முன்பதிவுக் காத்திருப்பையும் சேர்த்தால், கிளம்ப ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே வேலையைத் தொடங்குவது நல்லது. அமெரிக்காவுக்குப் போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. கோழி முட்டைக் கருவில் வளர்க்கிறார்கள். முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு அதிக அளவில் எடுப்பவர்கள், 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் போட்டுக்கொள்ளக் கூடாது. 60 வயது தாண்டி முதல் முறையாகப் போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எண்ணிக்கையில் அது அரிதுதான். ஆனாலும் உல்லாசப் பயணம் ஒன்றுக்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஊசி கூடாது என்று மருத்துவர் எழுதித் தரும் விலக்குச் சான்றுக்குச் சர்வதேச விதியில் இடம் உண்டு. அதை ஏற்பதா, கண்காணிப்பில் வைப்பதா என்று இறங்கும் இடத்து அதிகாரி முடிவு செய்வார். என்னைக் கேட்டால், 70 வயதுக்காரருக்கு அந்தத் துறைமுகங்களைத் தொடாத வேறு கப்பலைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்வேன். கடல் எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கிறது.

யாரும் கேட்காத, ஆனால் எடுக்க வேண்டிய சோதனைகள்

கப்பலில் மருத்துவர் இருப்பார், செவிலியர்கள் இருப்பார்கள். ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, சில ரத்தப் பரிசோதனைகள், நாலைந்து படுக்கைகள் இருக்கும். ரத்த வங்கி கிடையாது. பெரிய அறுவை சிகிச்சை நடக்காது. பல் மருத்துவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். நடுக்கடலில் நெஞ்சுவலி வந்தால், அடுத்த துறைமுகமோ ஹெலிகாப்டரோ வரும்வரை அந்தச் சின்ன அறைதான் உங்கள் மருத்துவமனை. ஆகவே 50 வயது தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போது தங்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏன் ஆறு வாரம்? மாத்திரை அளவை மாற்ற நேர்ந்தால் அது உடம்பில் நிலைபெற அவகாசம் வேண்டும். முந்தின வாரம் மாற்றிய மாத்திரையோடு கடலுக்குப் போகக் கூடாது.

லேப்களில் விற்கிற 90 சோதனை, 100 சோதனைத் தொகுப்புகள் இதற்குத் தேவையில்லை. கப்பல் மருத்துவருக்குப் பயன்படுகிற சிலவே போதும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், ரத்த வகை, ஈ.சி.ஜி. இதய நோயாளி என்றால் எக்கோ வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் குறைந்த கட்டணத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இவற்றில் ஈ.சி.ஜி.யைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி.யின் நகல் கையில் இருந்தால், வலி வந்தபோது எடுப்பதை அதனோடு வைத்துப் பார்த்து எது பழசு, எது புதுசு என்று மருத்துவர் சொல்லிவிடுவார். பலருக்குப் பிறவியிலிருந்தோ பழைய நோயாலோ அதில் சில மாறுதல்கள் இருக்கும். ஒப்பிட எதுவும் இல்லையென்றால் அதையும் புது மாரடைப்பு என்றே சந்தேகிக்க வேண்டியிருக்கும். அந்த வரைபடம் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருகிறது. நாளாக ஆக மங்கிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்தால் அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப் போகும். என் நண்பர் ஒருவருடைய தந்தையின் ஈ.சி.ஜி. அப்படித்தான் ஒரு கறுப்புப் பட்டையாக வந்து சேர்ந்தது. ஜெராக்ஸ் எடுங்கள். போனிலும் ஒரு படம் பிடித்து வையுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வீட்டில் வாரம் ஒருநாள் கீரை சாப்பிடுகிறவர், கப்பலின் பஃபேயில் மூன்று வேளையும் பச்சைக் காய்கறி சாலட்டாக எடுத்துப் போட்டுக்கொண்டால் மாத்திரையின் வேகம் குறையும். சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் சாப்பிடும் அளவிலேயே சாப்பிடுங்கள்.

பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள். ஆடுகிற பல், பாதியில் விட்ட வேர்ச் சிகிச்சை எதுவும் இருக்கக் கூடாது.

மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். என்ன நோய், எத்தனை வருடமாக, என்ன மாத்திரை, பயணம் செய்யத் தகுதியுள்ளவர் என்று இருந்தால் போதும். மாத்திரையை மருந்தின் பொதுப்பெயரில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் டோலோ வெளிநாட்டு மருத்துவருக்குப் புரியாது, பாராசிட்டமால் என்றால் புரியும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: சிங்கப்பூரில் இத்தகைய மருந்துகளுக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் முன்அனுமதி வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது இருக்கிற நோயை மறைக்காதீர்கள். கப்பல் மருத்துவமனைக் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறும், கரைக்குக் கொண்டுபோகும் செலவு பெருந்தொகை. மறைத்தது தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

தனிக் கவனம் வேண்டியவர்கள்

கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல்கள் 24-ஆவது வாரம் தொடங்குவதற்கு முன்புவரைதான் ஏற்றும். ஏறும் நாளில் எத்தனை வாரம் என்று எண்ணினால் போதாது, இறங்கும் நாளில் எத்தனை வாரம் என்று எண்ண வேண்டும். ஸ்கேன் அறிக்கையும், வாரக்கணக்கு எழுதிய மருத்துவர் கடிதமும் கையில் இருக்கட்டும். கைக்குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணம் என்றால் 12 மாதம்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் சாதாரணக் கப்பலில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. அதற்கென்று சிறுநீரக மருத்துவக் குழுவோடு ஏற்பாடு செய்யப்படும் பயணங்கள் தனியாக உண்டு. அவற்றை ஏற்பாடு செய்பவர்கள் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. அறிக்கைகளைக் கேட்பார்கள்.

அண்டார்க்டிகா போன்ற இடங்களுக்குப் போகும் ஆய்வுப் பயணக் கப்பல்களில் மருத்துவப் படிவமே கட்டாயம். அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து கிளம்பி டிரேக் நீரிணையைக் கடக்கவே இரண்டு நாள் ஆகும். அங்கே நோய்வாய்ப்பட்டால் வானிலை அனுமதித்தால்தான் விமானம் வரும். ஆகவே அந்தப் படிவத்தை மருத்துவர் உங்களைப் பார்த்துச் சோதித்துவிட்டு நிரப்பட்டும். தெரிந்த டாக்டரிடம் வெறும் கையெழுத்து மட்டும் வாங்குகிற வேலை வேண்டாம். போகும் வழி அர்ஜென்டினா என்பதால் மஞ்சள் அட்டையும் மறக்கக் கூடாது.

ஏறும் நாளில்

கடல் மயக்கத்துக்கு நம் ஊரில் அவோமின் பழக்கமான மாத்திரை. அதை முதல் முறையாகக் கப்பலில் போட்டுப் பார்க்காதீர்கள். வெளியே போகாத ஒரு நாளில் வீட்டில் போட்டு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பாருங்கள். புராஸ்டேட் தொல்லையோ கண்ணழுத்த நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

ஏறுவதற்கு முன் ஓர் உடல்நலப் படிவம் தருவார்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டிருக்கும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அந்தக் கேள்விக்குக் காரணம் நோரோவைரஸ். ஒருவரிடமிருந்து ஒரு தளம் முழுக்கப் பரவக்கூடியது. கைக்குத் தடவும் ஆல்கஹால் ஜெல் அதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். முந்தின நாள் கல்யாண விருந்தில் வயிறு கெட்டிருந்தால்கூட எழுதத்தான் வேண்டும். கப்பல் மருத்துவர் வந்து பார்ப்பார். பெரும்பாலும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் வருகை அட்டையையும் அதிலுள்ள உடல்நல அறிவிப்பையும் இணையத்தில், சேரும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் வந்தால் அது அரசுடையது அல்ல, மூடிவிடுங்கள்.

கடைசியாகப் பை. துறைமுக வாசலில் பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும், சில நேரம் இரவுச் சாப்பாட்டு நேரமும் தாண்டும். மதிய மாத்திரை, இன்சுலின், மஞ்சள் அட்டை, மருத்துவர் கடிதம், ஈ.சி.ஜி. ஜெராக்ஸ், சோதனைச் சீட்டு எல்லாம் தோளில் மாட்டிய பையில் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெட்டியில் வைத்துவிட்டால் அது வெயிலில் மற்றப் பெட்டிகளோடு தளத்தில் கிடக்கும். அறைக்குப் போனதும் குளிர்பதனப் பெட்டியில் கை வைத்துப் பாருங்கள். சில அறைகளில் அது பானம் மட்டும் வைக்கிற, லேசாகக் குளிரும் பெட்டியாக இருக்கும். அப்படி இருந்தால் மருத்துவப் பயன்பாட்டுக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி வேண்டும் என்று அறைப் பணியாளரிடம் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.